பஞ்சில் வராத பூச்சி

இன்று காலை பல் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் மின்சாரம் போய்விட்டது. பேராசிரியர் ஓடி வந்தார், ஜெனரேட்டர்காரர் ஓடி வந்தார், நானும் ஓடினேன். குளிர்பெட்டியில் இருக்கும் கிருமிகள் செத்துவிடக் கூடாதாம். குப்பிகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றும்போது ‘மு-1’ கைக்கு வந்தது. முகத்துவாரக்குப்பம், முதல் ஆள். உன் கடைவாய்ப் பல்லில் நான் எடுத்த கிருமி. ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றிவிட்டோம். உனக்காக யாரும் இப்படி ஓடவில்லை, நானும்தான்.

சொத்தைப் பல் கிருமிகளில் எத்தனை வகை, எது எவ்வளவு கொடியது என்று கண்டறிவது எங்கள் ஆராய்ச்சி. நம் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் முகாம் போட்டோம். பஞ்சுக் குச்சியைப் பல்லில் தேய்த்து எடுத்துக்கொண்டு போவதோடு சரி, வைத்தியம் கிடையாது. ஒப்புதல் படிவத்தில் அது தெளிவாக, யாரும் படிக்க முடியாத பொடி எழுத்தில் இருந்தது. வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. கூட்டாளி என் மானத்தைக் காக்க நீ வந்து வாயைத் திறந்தாய்.

“அவ்ளோதானா மாமு? ஊசி கீசி இல்லியா?”

“அவ்ளோதான்.”

குழலை வைத்துப் பல்லுப்பூச்சி எடுத்துக் காட்டும் தெருவோர வைத்தியரை வேடிக்கை பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வெளியே போய்க் கத்தினாய்: “பஞ்சு வெச்சே பூச்சிய இஸ்த்துட்டான்டா! பாதி வலி இல்ல. வாங்கடா!” வரிசை வாசலைத் தாண்டியது. பேராசிரியர் என் தோளைத் தட்டினார். உன்னைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

குச்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அன்று என் பல்லிலும் தேய்த்திருந்தேன். சோதனையில் உன் கிருமியின் டி.என்.ஏ. கோடுகளும் என்னுடையதும் அச்சாக ஒன்றாக வந்தன. “ரெண்டையும் கலந்துட்டீங்களா?” என்று பேராசிரியர் எரிந்து விழுந்து, என்னுடையதைக் குப்பையில் போடச் சொன்னார். எனக்குக் காரணம் தெரியும். சின்ன வயதில் உன் அம்மா வாளை மீனின் முள்ளைத் தன் பல்லாலேயே உருவிவிட்டு உனக்கொரு வாய், எனக்கொரு வாய் ஊட்டுவாள்.

ஒரு மாதம் கழித்துப் போன் செய்தாய்.

“திரும்பப் பூச்சி வெச்சிகிச்சு மாமு. குச்சி எட்த்துகினு வாயேன்.”

“காலேஜுக்கு வாடா, பல்லைப் புடுங்கணும்.”

“புடுங்கறதா? அன்னிக்கு நல்லாத்தானே எட்த்த! நீயே வா.”

அன்று எதையும் குணமாக்கவில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. பார்க்கலாம் என்றேன். நான்காம் நாள் தாடை வீக்கம் கழுத்துக்கு இறங்கி, திருவொற்றியூர் தாண்டுவதற்குள் ஆட்டோவிலேயே உன் மூச்சு நின்றது.

மு-1 மிகக் கொடிய வகை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறோம். அதே வகைதான் என் வாயிலும். கல்லூரி ஊழியன் என்பதால் என் சொத்தையை ஒரு மதிய இடைவேளையில் இலவசமாக அடைத்துவிட்டார்கள். அறிக்கையில் இதற்குப் பத்தி இல்லை.

உன்னை எடுத்த அன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டாள்: “நீதான் பூச்சிய எட்த்துட்டியே நைனா, அப்புறம் எப்டி?”

“ஒண்ணு ரெண்டு உள்ள நின்னுபோச்சு அத்தே” என்றேன்.

அவள் இன்னும் அதை நம்புகிறாள். போனால் மீன் வைக்கிறாள், இப்போது முள்ளைக் கையால் எடுத்து. அவள் அன்று ஊட்டியது என் வாயில் உயிரோடு இருக்கிறது. தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறேன்.