சூனியம் காலி இடமல்ல

சோப்பு போட்டுக் கழுவியும் விரலில் பசை வாசம் போகவில்லை. இன்று சாயங்காலம் இயற்பியல் சார் நீ அறிவியல் கண்காட்சிக்குச் செய்த அட்டையில், உன் பெயரின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டித் தன் பெயரை எழுதினார். அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். நாளை தென்காசிக் கண்காட்சியில் ‘புத்தரும் அணுவும்’ அவருடையது. விளக்கம் சொல்ல மட்டும் நான்.

“ஏட்டி, அவ பேர நீ வாயில எடுத்தேன்னா செய்முறை மார்க்குல பாத்துக்கிடுதேன்” என்றார்.

அம்மா தூங்குகிறாள். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

காய்ச்சலில் நீ இறந்துபோவதற்கு முன், இதே அட்டையைப் பார்த்து அவர் கேட்டாரே, “பீடி சுத்துத வீட்டுக்குப் புத்தர் வந்து டியூஷன் எடுக்காராக்கும்?” என்று. வகுப்பே சிரித்தது. நீ போன மறுநாள் அவரேதான் பிரேயரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எல்லாம் சூனியம்” என்றார். இப்போது அட்டையிலும் அதையே எழுதியிருக்கிறார்: அணுவுக்குள் காலி, உலகமும் காலி, இரண்டும் ஒன்றே.

ஐந்தருவியில் நனைந்துகொண்டே நீ சொன்னது வேறு. “மேல ஒரே தண்ணிதான் வருது. பாறைதான் அஞ்சாப் பிரிக்கி. மழையையும் பாறையையும் எடுத்துட்டா அருவி எங்கன இருக்கும்?”

“அப்போ அருவியே இல்லியா?”

“இல்லன்னா நடுவுல போயி நில்லு, மண்ட பொளக்கும்! இருக்குட்டி, தனியா இல்ல. அதத்தான் பௌத்தத்துல சூனியம்னாங்க. எலக்ட்ரானையும் அளக்குத விதத்த விட்டுப் பிரிச்சுச் சொல்ல முடியலல்லா? அங்கன ரெண்டும் பக்கத்துல வருது. அதுக்காக ஒண்ணாயிருமா? பிசிக்ஸ் அளந்து பாக்கும். புத்தர், துக்கம் எதனால வருதுன்னு பாத்தாரு.”

நாளை யாராவது ‘சூனியம்னா என்ன?’ என்று கேட்பார்கள். கேட்காமல் விடமாட்டார்கள். “சார்தான செஞ்சாங்க, சார்கிட்டயே கேளுங்க” என்பேன். அவருக்குத் தெரியாது. கூட்டத்துக்கு நடுவே அவர் விழிப்பதை நான் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். அன்று வகுப்பு சிரித்ததைவிடச் சத்தமாக அவர்கள் சிரிக்க வேண்டும். பிறகு உன் அருவியைச் சொல்லி, இதைச் செய்தவள் யார் என்றும் சொல்வேன்.

“கோவத்துக்கும் காரணம் இருக்கும், அதப் பாரு” என்பாய். பார்த்துவிட்டேன். அது கட்டம் போட்ட சட்டையும் சட்டைப்பையில் சிவப்புப் பேனாவுமாக வகுப்புக்கு வருகிறது. அதை நீ மன்னித்திருப்பாய். நான் மன்னிக்கப் போவதில்லை.

மார்க் போனால் போகட்டும் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன். போகட்டும். உன் பெயரைச் சொல்லும்போது குரல் நடுங்கக் கூடாது. அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன், அம்மாவுக்குக் கேட்காதபடி.