வேலனின் கடப்பாரை, காசிமின் மனு

5.10.2008, ஞாயிறு. கவரைப்பேட்டை

விடிந்ததும் கரண்ட் போனது. பத்து மணிக்குக் கரண்டும் வந்தது, திருநின்றவூரிலிருந்து சபரிநாதனும் வந்தான். வாரம் முழுக்க அவன் சென்னையில் புரோகிராம் எழுதுகிறான். நான் கும்மிடிப்பூண்டி ஃபேக்டரி ஸ்டோரில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாங்கள் வீடியோ கேம் மேதைகள். அவன் புரோகிராம், நான் கதை வசனம். நவம்பர் பதினேழுக்குள் சிடியைச் சென்னைக் கல்லூரிப் போட்டிக்குக் கொடுத்தாக வேண்டும். ஜெயித்தால் இரண்டு பேருக்கும் கேம் கம்பெனியில் வேலை. ஸ்டோருக்கு ஒரு பெரிய கும்பிடு.

கதை இதுதான். பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை இறால் பண்ணை முதலாளி ஒருவன் வேலி போட்டு அடைத்துவிடுகிறான். அதைத் திறக்க இரண்டு கூட்டாளிகள் கிளம்புகிறார்கள். வேலன் கையில் கடப்பாரை. காசிம் கையில் மனு. வேலன் சபரியின் ஆள். காசிம் என் ஆள்.

"பேசிப் பேசியே சாவடிக்கிறான்டா உன் காசிம்."

"உன் வேலனுக்கு மூளைன்னு ஒன்னு கீதா?"

சாயங்காலம் வரை இதேதான். முதலாளியை இரண்டு பேரும் மறந்தே போனோம்.

12.10.2008, ஞாயிறு

தங்கை சைதாவை விளையாட வைத்தோம். காசிம் தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்கும் கட்டம். நிஜம்போல இருக்கட்டும் என்று பதினோரு நிமிடம் நிற்க வைத்திருந்தேன். பெரிய கலைஞன் நான்! நாலாவது நிமிடத்தில் கீபோர்டு மேலேயே தூங்கிவிட்டாள்.

எழுப்பிக் கேட்டால், "வில்லன் ஜாலியா கீறான் அண்ணே. இவுங்க ரெண்டு பேருதான் அடிச்சிக்கினு கீறாங்க" என்கிறாள்.

சபரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

15.10.2008, புதன்

வசனமெல்லாம் தனி ஃபைல். அதைத் திருத்த மட்டும் எனக்குத் தெரியும். வேலன் கடப்பாரையைத் தூக்கும்போதெல்லாம் ஊரே "அட முட்டாளே" என்று கத்துகிற மாதிரி மாற்றிவிட்டேன். முப்பத்திரண்டு இடம். சபரியிடம் சொல்லவில்லை. திருத்தம்தானே? திருத்தம்தான்.

19.10.2008, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டான். கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று தயாராக இருந்தேன். மடித்த தாள் ஒன்றை நீட்டினான். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐந்து கோரிக்கை, கீழே கையெழுத்து. மனு! கடப்பாரைக்காரன் எனக்கு மனு போடுகிறான்!

சரி, சாந்த சொரூபி நான் என்ன செய்தேன்? மேசையை ஓங்கிக் குத்தினேன். குறி தப்பிக் கீபோர்டில் விழுந்தது. என்டர் கீ பறந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"சொல்லாம கொள்ளாம பின்னாடி ஒடச்சியே, அதுக்கு என் வேலனே தேவலடா. அவன் மூஞ்சிக்கு நேரா ஒடைப்பான்" என்றான். ரயிலுக்குப் போய்விட்டான்.

26.10.2008

வரவில்லை.

2.11.2008

வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. என்டர் கீயைப் பசை போட்டு ஒட்டினேன். இப்போது அழுந்தவே மாட்டேன் என்கிறது. காசிம் முதல் வசனத்திலேயே நிற்கிறான்.

இன்னும் பதினைந்து நாள். போட்டி கிடக்கட்டும் — அவன் இல்லாத ஞாயிறு பேஜாராக இருக்கிறது. எனக்கு அவன் வேண்டும். எழுதிவிட்டேன், போ.

9.11.2008, ஞாயிறு

சபரி ஊரில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் பழவேற்காடு போனேன். எங்கள் இரண்டு பேர் ஊரும் அதுதான். அவன் வீட்டில் மீன் பிடிப்பார்கள், என் வீட்டில் வாங்கி விற்பார்கள். சபரி கரையில் உட்கார்ந்து வலையில் பாசி எடுத்துக்கொண்டிருந்தான். ஏரியில் யாரோ கோணல்மாணலாக வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் விற்கிற வீட்டுப் பிள்ளை எனக்கே தெரிகிறது.

"போய்ச் சொல்றதுதானே?"

"சீட்டு அவுங்களுக்கு உழுந்துக்குது. இன்னிக்கி அவுங்க பாடு. நான் இன்னா சொல்றது?"

பாடு என்றால் முறை. சீட்டுக் குலுக்கி, பாடு வந்தவன் வலை போடுவான், மற்றவன் வாயை மூடிக்கொண்டு கரையில் இருப்பான். இந்த ஏரிக்கரையில் அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் இரண்டு கழுதைகளுக்கும்தான் ஒரு மாதமாகத் தோன்றவில்லை.

"நான் பண்ணது திருட்டுத்தனம்தான் சபரி. மன்னிச்சிடுடா."

பாசியையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பாசி எடுத்தேன்.

"கேம்லயும் சீட்டு போடலாமா?" என்றேன். "ஒரு நாள் வேலன் பாடு, ஒரு நாள் காசிம் பாடு."

"அடுத்தவன் பாடு அன்னிக்கி?"

"கூட நின்னு கயிறு புடிக்கணும். பேசக் கூடாது."

"உன்னால முடியாதுடா டேய்" என்றான். சிரித்துவிட்டான்.

16.11.2008, ஞாயிறு

முடிந்தது. முப்பத்திரண்டு "அட முட்டாளே"வையும் ஒவ்வொன்றாக நானே அழித்தேன். ஒவ்வொன்றும் என்னைப் பார்த்தே சொல்வது போலிருந்தது. சிடியைச் சபரி நாளை நேரில் கொடுப்பான்.

20.12.2008, சனி

பரிசு இல்லை. ஆறுதல் பரிசும் இல்லை. ஸ்டோரில் புது லோடு நட்டு வந்திருக்கிறது.

21.12.2008, ஞாயிறு

வர மாட்டான் என்று நினைத்தேன். பத்து மணிக்குப் புதுக் கீபோர்டோடு வந்து நின்றான். அடுத்த கேம். சீட்டுப் போட்டோம்; அவன் பாடு. மூன்று மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. சைதா வந்து நெற்றியைத் தொட்டு, "ஜொரமா அண்ணே?" என்றாள்.

ஓர் இடத்தில் சபரி நிறுத்திவிட்டான். "இங்க நம்ம ஆளு இன்னா பேசுவான்?"

"இன்னிக்கி உன் பாடு" என்றேன்.

கீபோர்டை என் பக்கம் தள்ளிவிட்டு, டீ வாங்கிவரப் போனான்.