பிடிக்குச் சுற்ற ஒரு துணி

அன்புள்ள மாமாவுக்கு,

தனக்கோடி எழுதுவது. உங்கள் இருமல் நின்றதா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் "சரி, வை" என்று நீங்கள் முடித்துவிடுவதால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மழையில், நான் வேலை செய்யும் பிரேசர் டவுன் அபார்ட்மென்ட் தோட்டத்தில் பெரிய கிளை விழுந்தது. வெட்டும்போது பழைய கத்தி பிடியிலிருந்து கழன்று பறந்துவிட்டது. காலில் லேசான கீறல்தான். பயப்படாதீர்கள்.

நேற்று புது வெட்டுக்கத்தி வாங்க சிவாஜி நகர் போனேன். "தேங்கா உடைக்கவா அக்கா?" என்றார் கடைக்காரர்.

"மரம் வெட்ட."

"அப்ப உங்க வீட்டுக்கார அண்ணனை அனுப்புங்க."

"அண்ணன் செங்கத்துல இருக்காரு. வெட்டுறது நான்தான், எடுத்துக் காட்டுங்க" என்றேன்.

உறை போட்ட கறுப்புக் கத்தி பார்க்க மிரட்டலாக இருந்தது. தட்டினால் தகரச் சத்தம். லாரியின் வில்பட்டை இரும்பில் அடித்த கத்தியை எடுத்தேன். விலை பாதிதான். கனம் அதிகம், ஆனால் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடுகிறது. இனிக் கழலாது.

பிடிதான் வியர்வையில் வழுக்குகிறது. உள்ளங்கையெல்லாம் கொப்புளம், சாயங்காலம் சோறு பிசையக்கூடக் கை வரவில்லை. சுற்றுவதற்குப் பருத்தித் துணி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் தம்பி பழனி இங்கே வருகிறான். நீங்கள் தோளில் போடும் பச்சைக் கரைத் துண்டை அவனிடம் கொடுத்தனுப்புங்கள்.

தண்ணீர் வண்டி வந்துவிட்டது. குடத்தோடு ஓடுகிறேன்.

தனக்கோடி

அத்தை துண்டைத் துவைத்துத் தருவார்கள். வேண்டாம். அப்படியே மடித்து அனுப்புங்கள்.