தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள்

ஏங்க,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாவி செருப்பு அலமாரி மேல். சாப்பிட்டுவிட்டே போங்கள், மூளை அலை டெஸ்டுக்குப் பட்டினி கூடாதாம். காப்பி வேண்டாம். தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போங்கள். இல்லாவிட்டால் கம்பி ஒட்டாதாம்.

மாடி வீட்டு டீச்சருக்கும் எடுத்தார்களே, விசாரித்துவிட்டேன். ஷாக் எல்லாம் அடிக்காது. பசை தடவிக் கம்பிகளை ஒட்டி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, கண்ணெதிரே விளக்கை மினுக்குவார்கள். மனசில் இருப்பது மட்டும் அதில் தெரியாதாம். அன்றைக்கு இதைச் சொன்னதும் உங்கள் முகம் தெளிந்ததே, ஏன்?

நான் பேசும்போது மட்டும் சிலையாக உட்காருகிறீர்களே, அது நோயா நடிப்பா என்று இன்று தெரிந்துவிடும். “நீ கூப்பிட்டது காதுலயே விழலடி” என்று நேற்றும் சாதித்தீர்கள். நான் நம்பவில்லை.

என் தம்பி காரோடு வருவான். நீங்கள் வண்டியைத் தொடவே கூடாது.

பி.கு.: நேற்றுச் சண்டைக்குப் பிறகு, நீங்கள் மேட்ச் பார்ப்பதைக் கதவிடுக்கில் நின்று வேவு பார்த்தேன். உங்கள் அணி கோல் போட்டது, நீங்கள் இமைக்கவில்லை. டீ மடியில் கொட்டியும் அசையவில்லை. அப்புறம் விழித்து, “யாரு கோல் போட்டா?” என்றீர்கள்.

நடிப்பு என்றே ரிப்போர்ட் வரட்டும். ஆயுசுக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.