ஆறு பேருக்கு ஒரு வருஷம்

ஸ்பானிஷ் ஃபோர்க், யூட்டா
5 டிசம்பர் 1982

என் ஆர்டித்துக்கு,

நலம். அங்கே நீயும் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நீ கோபித்துக்கொண்டு கோலீன் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. மாவு மெஷினைக் காணோமே என்று சமையலறை முழுக்கத் தேடினேன். அதையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். நிலவறையில் அறுபது டின் கோதுமையை வைத்துக்கொண்டு நான் என்ன, கோழி மாதிரி கொத்தித் தின்னவா?

உன் கோபம் புரிகிறது. ஆனால் மருமகனுக்கு வேலை போனது ஒரு கஷ்டம், அவ்வளவுதான். சோதனைக் காலம் என்று நமக்குச் சொல்லப்பட்டது இது இல்லை. அந்தக் காலத்துக்கென்று சபை சொன்னபடி பதினான்கு வருஷமாகச் சேர்த்த தானியத்தை முதல் கஷ்டத்துக்கே பிரித்துவிட்டால், அந்த நாள் வரும்போது கையை விரிக்கத்தான் வேண்டியிருக்கும். சபையில் மாதாமாதம் இதைப் பற்றி வகுப்பு எடுப்பவனே நான்தான். என் வீட்டிலேயே விதி மாறினால் யார் கேட்பார்கள்?

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. வீடு வீடாக இல்லை.

உன்
லாவெல்

ராக் ஸ்பிரிங்ஸ், வயோமிங்
19 டிசம்பர் 1982

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

கோழி மாதிரியே கொத்துங்கள், பல்லுக்கு நல்லது. மெஷின் இங்கே பத்திரமாக இருக்கிறது. அதில் போட்டு அரைக்கத்தான் ஒன்றும் இல்லை. பேரன் டெரி சும்மாவே அதன் கைப்பிடியைச் சுற்றி விளையாடுகிறான்.

எண்ணெய்க் கிணறுகளில் பாதியை மூடிவிட்டார்கள். மாப்பிள்ளை டுவேன் தினமும் காலையில் வேலை கேட்டுப் போகிறார், மத்தியானமே திரும்பிவிடுகிறார். கோலீனுக்கு மூன்று மாதம். உங்களிடம் சொல்லவேண்டாம் என்றாள், நான் சொல்கிறேன்.

போன வாரம் அவள் இங்குள்ள பிஷப்பிடம் போய், சபைக் களஞ்சியத்திலிருந்து சாமான் கிடைக்குமா என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர்தான். வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்: "அப்பாகிட்ட கேட்டியாம்மா? மொதல்ல குடும்பம், அப்புறந்தான் சபை. போன வருஷம் இங்க வந்து எங்களுக்கே பாடம் எடுத்துட்டுப் போனாரே, அவர்கிட்ட இல்லாத கோதுமையா?"

"கேட்டுட்டேன், அனுப்பிட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தாள். ஏண்டி இப்படிச் சொன்னாய் என்று திட்டினேன். "எங்கப்பா தரமாட்டேன்னுட்டாருன்னு எந்த வாயால சொல்லச் சொல்றே?" என்றாள்.

ஆறு பேருக்கு ஒரு வருஷம் என்று கணக்குப் போட்டது நீங்கள்தான். அந்த ஆறு பேரில் என்னைத் தவிர்த்தே நாலு பேர் இந்த வீட்டில் இருக்கிறார்கள். டின்களில் உங்கள் கையெழுத்திலேயே பெயர் இருக்கிறது. அவள் பெயர் போட்ட பத்து டின்னை அவளுக்குக் கொண்டுவந்து கொடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஆர்டித்

ஸ்பானிஷ் ஃபோர்க்
16 ஜனவரி 1983

என் ஆர்டித்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் மனசே சரியில்லை. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். கொண்டுவருகிறேன். கோலீனிடம் சொல்லிவிடு.

ஒரு சிக்கல்தான். நான் அவள் பெயர் போட்டது 1968இல் வாங்கிய டின்கள். அவை கடைசிச் சுவரை ஒட்டி, அடியில் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் எல்லாம் புதுசு. மேலாக இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடலாமே என்பாய். பழசுதான் முதலில் வெளியே போகவேண்டும், எல்லாரும் செய்கிற தப்பே இதுதான் என்று நான் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறேன். அலமாரிகளைப் பிரித்து வரிசையாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். முதுகு வலி வேறு. மார்ச் முடிவதற்குள் வண்டியில் ஏற்றிவிடுவேன்.

இந்த வருஷம் மலையில் பனி கூரை உயரத்துக்குக் கிடக்கிறது.

உன்
லாவெல்

ராக் ஸ்பிரிங்ஸ்
6 மார்ச் 1983

லாவெல்,

எந்த டின்னாக இருந்தாலும் சரி. வயிறு வருஷம் பார்ப்பதில்லை.

கோலீன் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, தான் முன்னாலேயே சாப்பிட்டதாகச் சொல்கிறாள். பானையைப் பார்க்கிற எனக்குத் தெரியாதா? பிஷப்பிடம் நானே போகிறேன் என்றேன். அப்பாவை ஊர் சிரிக்கவைக்கவேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தயவுசெய்து இந்த வாரமே புறப்படுங்கள். உங்களிடம் நான் இதற்கு முன் கெஞ்சியதில்லை.

ஆர்டித்

ராக் ஸ்பிரிங்ஸ்
24 ஏப்ரல் 1983

லாவெல்,

"எல்லாம் வரிசைப்படுத்தியாகிவிட்டது, பத்து டின்னும் நிலவறைக் கதவருகே தயார், மே முதல் தேதி புறப்படுகிறேன்" என்று நீங்கள் எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வியாழக்கிழமை கோலீனுக்குப் பிரசவமாகிவிட்டது. ஏழே மாதம். பையன். ஒரு பகல் முழுக்க இருந்தான்.

அவள் உடம்பில் இரத்தமே இல்லை என்றார் டாக்டர். அதனால்தான் இப்படி ஆயிற்றா என்று கேட்டேன், சொல்ல முடியாது என்றார். நானும் சொல்லமாட்டேன். அவனுக்கு உங்கள் பெயரை வைக்கவேண்டும் என்று கோலீன் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. கல்லில் அந்தப் பெயர்தான் இருக்கும்.

டின்களைக் கொண்டுவரவேண்டாம். நான் திரும்பி வரமாட்டேன். இனிமேல் நீங்கள் எழுதினாலும் பிரிக்கமாட்டேன். பதினான்கு வருஷம் ஒன்றையும் பிரிக்காமல் இருக்க உங்களால் முடிந்ததே, எனக்கும் பழகிவிடும்.

ஆர்டித்

ஸ்பானிஷ் ஃபோர்க்
19 ஜூன் 1983

ஆர்டித்துக்கு,

பிரிக்கமாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

உன் கடிதம் வந்தபின் நிலவறைக்கு நான் இறங்கவே இல்லை. மே கடைசியில் வெயில் ஏறி, மலைப்பனி மொத்தமும் ஒரே வாரத்தில் உருகி இறங்கியது. ஓடை கரையை உடைத்துக்கொண்டது. சபை ஆட்கள் மணல் மூட்டை அடுக்கிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. நான் காத்துக்கொண்டிருந்த நாள் வந்தது ஆர்டித், நேராக நிலவறைக்குள்தான் வந்தது.

தண்ணீர் வடிய ஐந்து நாள் ஆயிற்று. கோதுமை ஊறிப் பருத்து டின்களைக் கிழித்திருந்தது. சில இடங்களில் முளைகூட விட்டிருந்தது. நீ போட்டுவைத்த பீச் பழப் பாட்டில்கள் சேற்றில் கிடந்தன. மீதியெல்லாம் புளித்துப்போய், வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காதவன் வீடு சாராயக் கடை மாதிரி நாறியது. உதவிக்கு வந்த நம் பிஷப் மூக்கில் எதுவும் படாதவர் போல வேலை செய்தார். எல்லாவற்றையும் மண்வாரியால் அள்ளி வெளியே கொட்டினோம். கதவருகே வைத்திருந்த பத்து டின்னையும் அள்ளினேன். தகரத்தில் கோலீன் பெயர் அழியாமல் இருந்தது. எல்லார் முன்னாலும் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று சபைக் களஞ்சியத்தில் வரிசையில் நின்றேன். முன்னும் பின்னும் என் வகுப்புக்கு வருகிறவர்கள். தள்ளி நின்று எனக்கு இடம் விட்டார்கள். சீட்டு எழுதுகிற அம்மாள் கேட்டாள்: "வீட்ல எத்தனை பேருங்க?"

ஆறு என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "ரெண்டு பேர்" என்றேன். பொய்தான். கோலீன் அங்கே பிஷப்பிடம் சொன்னது போலத்தான், உண்மையைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

மாவு, அவரை, ஓட்ஸ், பீச் பழ டின் இரண்டு கொடுத்தார்கள். என் பங்கைச் சாப்பிடுகிறேன். உன் பங்கில் கை வைக்கவில்லை. தண்ணீர் ஏறாத இடமாக, மாடி அலமாரியில், உன் பெயரும் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன்.

லாவெல்