தலைகீழாக அடுக்கிய பாறைப் பெட்டிகளை நம்பிக் குடியிருப்பு கட்டுவது தொடர்பாக

அனுப்புநர்:
நிலவியலாளர்,
பாறை மாதிரிக் கிடங்கு.

பெறுநர்:
உயர்திரு கட்டட அனுமதி ஆணையர் அவர்கள்.

பொருள்: கடலோரக் குன்றில் கட்டவிருக்கும் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பு – அனுமதியை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அக்குன்றில் துளையிட்டு எடுத்த கல் உருளைகளை ஆழ வரிசைப்படி பெட்டிகளில் வைத்திருந்தோம். கிடங்கு இடம் மாறியபோது எண் சீட்டுகள் உரிந்துவிட்டன. முதலில் ஏற்றிய பெட்டி லாரியிலிருந்து கடைசியாகத்தானே இறங்கும்? இறங்கிய வரிசைப்படியே புது எண் எழுதிவிட்டார்கள். மேலே இருந்தது கீழே போயிற்று.

2. அதை நம்பிய எங்கள் இயக்குநர், மேலே எரிமலைச் சாம்பல் மக்கிய களிமண், அடியில் உறுதியான எரிமலைப் பாறை, களியை வழித்துவிட்டுக் கட்டலாம் என்று அறிக்கை எழுதியுள்ளார். உண்மை நேர்மாறானது. பாறையை ஒட்டிய சாம்பல், செங்கல்போல் வெந்து சிவந்திருக்கிறது. ஆறிய பாறைமேல் பிறகு விழுந்த சாம்பல் எப்படி வேகும்? சாம்பல் முதலில் படிந்தது. நெருப்புக் குழம்பு அதன்மேல் வந்தது. ஆகவே களி அடியில் இருக்கிறது. நம் கரை கண்டத்தின் விளிம்பு என்பதால், அடுக்குகள் கடல் பக்கமே சரிந்துள்ளன. மழைநீர் இறங்கினால் களி வழுக்கும், பாறை கட்டடத்தோடு கடலுக்குப் போகும்.

3. இதைச் சொன்னதற்கு இயக்குநர், "கல்லுக்கு ஏதும்மா தலையும் காலும்? பேசாம கையெழுத்து போடுங்க" என்றார். போடவில்லை. போடவும் மாட்டேன்.

4. என் நாத்தனாருக்கு அங்கே வீடு ஒதுக்கியிருப்பதால்தான் நான் குதிக்கிறேன் என்று அலுவலகத்தில் பேச்சு. ஆமாம், ஒதுக்கியிருக்கிறார்கள். "அண்ணி, பிள்ளைங்கள கூட்டிட்டு அங்க போலாமா வேணாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்கிறாள். வேண்டாம் என்றேன். மற்ற வீட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியவர் தாங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. அதைவிடக் கோபமாக இருக்கிறது.

5. சிவந்த சாம்பல் கண்ணில் படாதபடி பெட்டிகளைத் திரும்ப அடுக்கி, "சரிசெய்து" வைக்க ஆள் வருவதாகக் கேள்விப்பட்டுக் கிடங்கை என் பூட்டால் பூட்டியுள்ளேன். இது விதிமீறல்தான். நடவடிக்கை எடுங்கள்.

ஆகவே, தாங்கள் நேரில் வந்து அந்தச் சிவந்த சாம்பலைப் பார்த்து, குன்றில் புதிதாகத் துளையிட உத்தரவிட வேண்டுகிறேன். அதன் பிறகும் அனுமதி தருவதாக இருந்தால், என் நாத்தனாருக்கு ஒதுக்கிய வீட்டை இயக்குநர் குடும்பத்துக்கு மாற்றித் தந்து, அவர் அதில் குடியேறிய பிறகே மற்றவர்களுக்குச் சாவி கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கிடங்கு வாசல்
நாள்: அடித்தளம் தோண்டத் தேதி குறித்த மறுநாள்

அறிக்கையில் இட மறுத்த கையெழுத்தை இதில் முழு மனதோடு இடும்,
(ஒப்பம்)
நிலவியலாளர்