வெள்ளைக் கண் ஈ

பிர்னோ, புதன்கிழமை

அன்புள்ள அம்மா,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

மரபியல் படிக்கும் ஆசையில் நீ அனுப்பிவைத்த தங்கச்சி ஸ்லாவ்கா, என் ஆய்வகத்தையே பிடித்துவிட்டாள். நேற்று நாங்கள் புட்டிகளில் வளர்க்கும் சிவப்புக் கண் பழ ஈக்களுக்கு நடுவே வெள்ளைக் கண்ணோடு ஒன்று கிடந்தது. வேறு புட்டியிலிருந்து தப்பி வந்தது என்று நினைத்து, கொல்வதற்காகச் சாராயத்தில் போடப் போனேன்.

"அண்ணா, போடாதே! இந்த ரூம்ல வெள்ளைக் கண் ஈயே கிடையாதே, எங்கேர்ந்து தப்பி வரும்?"

பேராசிரியை ஓடிவந்து பார்த்தார்; எங்கள் புட்டியிலேயே புதிதாகப் பிறந்த மரபு மாற்றம் அது. "ரடிம், உன் தங்கச்சி கெட்டிக்காரிப்பா. கோடை முழுக்க இங்கயே வச்சுக்கலாமா? நீ சரின்னாத்தான்."

மூன்று வருஷத்தில் என்னை ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. வயிறு எரிந்தது. "சின்னப் பெண், வேண்டாம்" என்பது வாய்வரை வந்தது. "வச்சுக்கோங்க" என்றேன்.

சனிக்கிழமை துணிமணி எடுக்க அங்கே வருகிறாள்; திரும்பும்போது அவளிடம் கசகசா ரொட்டி கொடுத்தனுப்பு. எனக்குத் தனிப் பொட்டலம்.

புட்டி கழுவக் கூப்பிடுகிறார்கள். பக்கத்து வீடுகளில் நீ அவளைப் பற்றிப் பெருமை பேசும்போது, சரி என்றது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்.

ரடிம்